தடுப்பணையில் மீன் ஏணி கட்டப்போகிறார்கள், ஊர்க்கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

கரையோரம் (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஆற்றில் 2.1 மீட்டர் உயரத்துக்கு ஒரு பழைய தடுப்பணை இருக்கிறது. இடது கரையில் வாய்க்கால் மதகும் அதை ஒட்டி மணற்போக்கியும் (தேங்கும் மணலைத் தண்ணீரோடு கீழே தள்ளிவிடும் கதவு) உண்டு. ஆற்றைச் சீரமைக்கும் திட்டம் ஒன்றில் இந்த அணைக்கு மீன் ஏணி, அதாவது மீன் அணையைத் தாண்டி மேலே போகப் படிப்படியாகத் தொட்டிகள் வைத்த நீர்வழி, கட்டுவதாக முடிவாகியிருக்கிறது. ஊர்க்குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியர். பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் இருக்கிறேன், ஆனால் மீன் எப்படி ஏறும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் போன வாரம் காலை 11 மணிக்கு ஒரு மண்டபத்தில் நடந்தது. திரையில் வரைபடம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார்கள். கடைசியில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். பாசனக்காரர்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் குறையுமா என்று கேட்டார்கள், குறையாது என்றார்கள். வலை போடுகிறவர்களில் இரண்டே பேர் வந்திருந்தார்கள். அவர்கள் வாயே திறக்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அந்த இருவரில் பெரியவர் என்னிடம், "அவங்க ஏணி வைக்கிற பக்கம் மீன் வராதுங்க" என்றார். உள்ளேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "யாரும் கேக்கலையே" என்றார்.

அந்த வார்த்தை என்னை விடவே மாட்டேன் என்கிறது. இரண்டாவது கூட்டம் மூன்று வாரத்தில். நாங்கள் என்ன கேட்க வேண்டும்? மீன் உண்மையிலேயே ஏணியில் ஏறுமா? இந்த வேலையை அருகில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மதகடி

ஏணியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அணை இன்னும் வேண்டுமா? வாய்க்கால் ஓடுகிறது என்கிறீர்கள், ஆகவே வேண்டும் என்றுதான் பதில் வரும். இருந்தாலும் அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறட்டும். ஏணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அணை இல்லாத ஆற்றுக்கு ஈடாகாது.

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகள், பெரியது 64 மீட்டர். கட்டியபோது மீனுக்கு வழியே விடவில்லை. கீழே வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1992இல் சட்டம் வந்தது. 2011இல் இடிக்க ஆரம்பித்து 2014இல் முடித்தார்கள். அணைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கியிருந்தது. அதில் பெரும்பகுதியை ஆறே சுமந்துபோனது, ஒரு பகுதி முகத்துவாரத்தில் புதுக் கரையாகப் படிந்தது. நீர்த்தேக்கம் வடிந்தபோது அந்த மக்கள் தங்கள் இனம் தோன்றிய இடமாகச் சொல்லிவந்த பாறையும் தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

எடுக்கவே முடியாதென்றால் அடுத்த கேள்வி: உயரத்தைக் குறைக்க முடியுமா, அல்லது கான்கிரீட் ஏணிக்குப் பதில் கீழ்ப்புறத்தில் பாறை அடுக்கிச் சரிவாக்க முடியுமா? 2.1 மீட்டரை 30க்கு 1 சரிவில் இறக்கினால் 63 மீட்டர் நீளம் வரும். இடம் இருந்தால் செய்யலாம். பாறைச் சரிவில் பெரிய மீன் நடுவில் ஏறும், சின்ன மீன் ஓரத்துக் கற்களுக்கு இடையில் ஏறும். ஒரே வேகத்தில் தண்ணீர் ஓடும் தொட்டியில் அந்த வசதி கிடையாது.

எதிர்நீச்சல்

கரையோரம், அந்தப் பெரியவரை விட்டுவிடாதீர்கள். உங்கள் திட்டத்தில் இதுவரை யாரும் சொன்னதிலேயே முக்கியமான வாக்கியத்தை அவர்தான் சொல்லியிருக்கிறார்.

நான் பதினோரு வருடம் மீன்வழிகளில் மீன் எண்ணும் வேலை பார்த்தவள். மேல் முனையில் கூண்டு வைத்து விடிகாலையில் தூக்கி, இனம் பார்த்து, நீளம் அளந்து, மேலே விட்டுவிடுவது. நான் முதன்முதலாக உட்கார்ந்த மீன்வழி பார்க்க அழகாக இருக்கும். சுவரில் ஒரு விரிசல் கிடையாது, தொட்டிகளில் தண்ணீர் கணக்குப்படி ஓடும். முதல் பருவத்தில் 40 நாள் கூண்டு தூக்கினேன். பெரும்பாலான நாள் கூண்டு காலி. ஆனால் அணையின் அடுத்த ஓரத்தில், மதகுக்குக் கீழே உள்ள மடுவில், மீன் கருப்பாகக் கூட்டம் கட்டி நிற்கும். நுழைவாயில் ஒரு கரையில், மீன் மறு கரையில். வரைபடம் போட்டவர்கள் லாரி இறங்க வசதியான கரையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த மடுவில் தினமும் தூண்டில் போடும் ஒரு அம்மா என்னிடம், "கட்டும்போது நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். அதைக் கேட்டு அன்று கூண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சினை மீன்கள் சுவரில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரிந்து கிடந்தன.

காரணம் இதுதான். மேலேறும் மீனுக்கு முக்கிய வழிகாட்டி ஓட்டம்தான். எங்கே தண்ணீர் வேகமாக வருகிறதோ அதை எதிர்த்து, போகக்கூடிய கடைசி இடம் வரை போகும். சுவரில் முட்டிய பிறகு ஓரமாக அலையும், திரும்பிக் கீழே வந்து வழி தேடுவது அரிது. ஆகவே ஏணியின் வாசல் அந்தக் கடைசி இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து மீட்டர் கீழே தள்ளி வைத்தால்கூட மீன் அதைக் கடந்து போய்விடும். வாசலிலிருந்து வரும் தண்ணீரும் மீனுக்குத் தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும். ஆற்றில் ஓடுவதில் 5 முதல் 10 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பக்கத்தில் மணற்போக்கி திறந்து முழு வேகத்தில் பாய்ந்தால் அந்த இரைச்சலில் சின்ன வாசல் காணாமல் போகும்.

அடுத்து, எந்த மீனுக்கு ஏணி என்று கேளுங்கள். உலகத்தில் பழைய ஏணிகள் பலவும் சால்மனை மனதில் வைத்துக் கட்டியவை. அது துள்ளும், பலமாக நீந்தும். உல்லம் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தவை துள்ளித் தாண்டாது. கூட்டமாகவே போகும், இடம் குறுகினால் மிரண்டு திரும்பும். விலாங்குக் குஞ்சு நீந்தி ஏறுவதைவிட ஈரமான சொரசொரப்பில் ஊர்ந்து ஏறும், அதற்கு பிரஷ் மாதிரி முள் பதித்த ஒரு தனிச் சரிவு போதும். கெளுத்தி, ஆரல் எல்லாம் தரையை ஒட்டியே போகும். வாசல் தரையிலிருந்து ஒரு முழம் மேலே இருந்தால் அவற்றுக்கு அது கதவே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், கூட்டத்தில் நீங்களே போட்டுக் காட்டலாம். ஏணியில் ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நீர்மட்ட வித்தியாசம் 30 செ.மீ. என்றால் இடைவெளியில் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் வேகத்தில் பாயும். அதையே 10 செ.மீ. ஆக்கினால் 1.4 மீட்டர். சின்ன மீன் தம் பிடித்துப் பாய்ந்தால் நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல் சுமார் பத்து மடங்கு போகும். அப்படியானால் விரல் நீள மீனுக்கு 1.4 மீட்டரே கஷ்டம். அடியில் கல் பதித்து ஓட்டத்தை உடைத்தால் தரையோரமாக ஒதுங்கி ஏறிவிடும். உங்கள் 2.1 மீட்டருக்கு 30 செ.மீ. வீதம் 7 இறக்கம் போதும், 10 செ.மீ. வீதம் 21 இறக்கம் வேண்டும். ஏழு போட்டால் செலவு குறையும். எந்த எண்ணை எடுத்திருக்கிறார்கள், எந்த மீனை நினைத்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். "எல்லா மீனுக்கும்" என்று பதில் வந்தால் விடாதீர்கள், மீன் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று நில்லுங்கள். அந்தப் பட்டியலைத் தரக்கூடியவர்கள் வலை போடுகிறவர்கள்தான்.

தாய்லாந்தின் பாக் முன் அணையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன் என்னும் ஆறு மீகாங் ஆற்றில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே 1994இல் அணை முடிந்தது, மீன் ஏணியோடு. அந்த ஆற்றில் 265 மீன் இனங்கள் பதிவாகியிருந்தன. ஏணி அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உதவவில்லை. மீன்பிடித்து வாழ்ந்த ஊர்கள் வருடக்கணக்கில் போராடி, 2001இல் மதகுகளைச் சோதனையாகத் திறக்கவைத்தார்கள். அப்போது ஊர்க்காரர்கள் தாங்களே ஆய்வாளர்களாக உட்கார்ந்தார்கள். எந்த மீன் திரும்பி வந்தது, எந்த மடுவுக்கு வந்தது, எந்த மாதம் வந்தது என்று தங்கள் மொழிப் பெயரிலேயே எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அவர்கள் கணக்கில் வந்தன. அந்த முறை பிறகு பக்கத்து ஆறுகளுக்கும் பரவியது. அவர்களுக்கு இருந்த அறிவு அணை கட்டுவதற்கு முன்பும் இருந்ததுதானே? அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அதனால் உங்கள் இரண்டாவது கூட்டத்தை மண்டபத்தில் வைக்கவே வேண்டாம். ஆற்றங்கரையில், மீன் பிடிக்கிறவர்கள் வலையை எடுத்துவிட்டு ஓய்ந்திருக்கும் நேரத்தில் வையுங்கள். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரையில் விரியுங்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். புதுத்தண்ணீர் வரும்போது மீன் எங்கே முட்டி நிற்கும், கல்லை வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டால் எல்லோரும் பேசுவார்கள்.

வயக்காட்டான்

நான் பாசனக்காரன் பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 5 முதல் 10 சதவீதம் என்று எதிர்நீச்சல் அம்மா சொல்வது பெருக்கு காலத்தில் சரி. கோடையில் ஆறே நூலாக ஓடும்போது அதில் பத்தில் ஒரு பங்கு ஏணிக்குப் போனால் கடைமடைக்கு என்ன போகும்? எங்கள் பக்கம் இப்படி ஒரு ஏணி கட்டி, முதல் கோடையிலேயே யாரோ பலகை போட்டு அடைத்துவிட்டார்கள். யார் என்று தெரியும், நான் சொல்லமாட்டேன். அவர் வயல் கடைசி வயல்.

இன்னொன்று. கட்டியவர்கள் போன பிறகு குப்பையை யார் எடுப்பது? ஒரு வெள்ளம் வந்தால் மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் இடைவெளிகளில் அடைத்துக்கொள்ளும். எங்கள் ஏணியில் இப்போது செடி முளைத்திருக்கிறது.

எதிர்நீச்சல்

வயக்காட்டான் ஐயா, கோபம் ஏன்? நீங்கள் எழுதியது இல்லாவிட்டால் இந்தத் திரி அரைகுறை.

பலகை போட்டவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவரிடம் யாரும் முன்கூட்டி உட்கார்ந்து பேசவில்லை. பெரும்பாலான மீன் வருடம் முழுக்க ஏறுவதில்லை. சினை மீன் ஏறும் வாரங்கள் தெரிந்தால் அந்த வாரங்களில் ஏணிக்கு முழுத் தண்ணீர், மற்ற நாளில் குறைத்து விடுவது என்று எழுத்தில் ஒப்பந்தம் போடலாம். எந்த வாரம் என்பதையும் மீனவர்கள்தான் சொல்ல வேண்டும், பாருங்கள், திரும்பத் திரும்ப அங்கேயே வருகிறோம். ஆனால் அடியோடு அடைக்கக் கூடாது. குஞ்சுகள் மழைக்குப் பிறகு சிறுசிறு கூட்டமாக ஏறிக்கொண்டே இருக்கும். இறங்கு மீனுக்கும் வழி வேண்டும். முட்டையிட்ட மீனும் பொரித்த குஞ்சும் கீழே வரும்போது வாய்க்கால் மதகுக்குள் இழுபட்டு வயலில் போய்ச் சாகும். மதகு வாயில் சரிவாக ஒரு சல்லடை வேண்டும் என்று கேளுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இரு தரப்பும் இழக்காமல் செய்த ஒரு இடம் உண்டு. அமெரிக்காவின் பெனோப்ஸ்காட் ஆற்றில் பழங்குடியினர், மின்நிறுவனம், அரசு, சூழல் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் பேசி 2004இல் ஒப்பந்தம் செய்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அணைகளை 2012, 2013இல் எடுத்தார்கள். மூன்றாவதைச் சுற்றி ஆறு மாதிரியே ஒரு மாற்று ஓடை வெட்டினார்கள். இழந்த மின்சாரத்தை அதே ஆற்றின் மற்ற அணைகளில் கூட்டி எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஹெர்ரிங் வகை மீன்கள் லட்சக்கணக்கில் மேலே ஏறின. எந்த அணையை எடுத்தால் அதிக மீனுக்கு வழி கிடைக்கும், எங்கே மின்சாரத்தைக் கூட்டலாம் என்று முழு ஆற்றையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் அது நடந்தது. ஒற்றை அணையை மட்டும் பார்த்திருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும்.

குப்பைக்கு: கட்டும் செலவோடு பராமரிப்புப் பணமும் பொறுப்பாளரும் எழுதப்படாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 2021 முதல் வசந்த காலத்தில் ஒரு பழைய நீர்க்கதவுக்கு அருகே தண்ணீருக்கடியில் கேமரா வைத்திருக்கிறார்கள். பார்க்கிற யாரும் மீன் நிற்பதைக் கண்டால் திரையில் மணியை அழுத்தலாம். படம் அங்குள்ளவர்களுக்குப் போகும், மீன் நிறைய நின்றால் கதவைத் திறந்துவிடுவார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். உங்களுக்குக் கேமரா வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒரு முறை ஏணிக்குப் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினாலே, அடைப்பு ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

மதகடி

ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை. மணற்போக்கி மீனுக்கு எதிரி என்ற மாதிரி புரிந்துகொள்ள வேண்டாம். அதைத் திறப்பதால்தான் கூழாங்கல்லும் மணலும் கீழே போகிறது, பல மீன்களுக்கு முட்டையிட அதுதான் படுக்கை. சினை மீன் ஏறும் நாட்களில் எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை ஏணியோடு சேர்த்து முடிவு செய்தால் போதும். அந்தப் பக்கமே ஏணி வந்தால் மணற்போக்கியின் ஓட்டத்தை மீனை இழுக்கவும் பயன்படுத்தலாம்.

கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அந்தப் பெரியவரையும் இன்னும் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு கரையில் நடந்தேன். திட்டப் பொறியாளர் ஒருவரை போனில் கூப்பிட்டேன், வருவார் என்று நினைக்கவில்லை, வந்தார். வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தோம். மீன் எங்கே முட்டி நிற்கும் என்று கேட்டேன். ஐந்து பேரும் ஐந்து கல்லை எடுத்து, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், மணற்போக்கிக்குக் கீழே ஒரே மூலையில் வைத்தார்கள். வரைபடத்தில் ஏணி வலது கரையில். பொறியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேனாவை எடுத்து அந்த மூலையில் வட்டம் போட்டார். இடது கரைக்கு மாற்றினால் மதகுச் சுவரைப் பலப்படுத்த வேண்டியிருக்கும், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மீன் பட்டியலும் எடுத்தோம். 31 பெயர் வந்தது. அதில் ஆறு மீனை அணைக்கு மேலே பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். ஒரு பாட்டி ஆற்றுச் சிப்பியும் மேலே இல்லாமல் போய்விட்டது என்றார். அதற்கும் மீனுக்கும் சம்பந்தம் உண்டா?

இன்னொரு சந்தேகம். கோடையில் கீழ்ப்புறத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று பொறியாளர் கேட்டார். எங்களில் யாராலும் அளவாகச் சொல்ல முடியவில்லை. முழங்கால், கணுக்கால் என்றுதான் சொன்னோம்.

எதிர்நீச்சல்

ஐந்து கல் ஒரே மூலையில் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

பாட்டி சொன்னது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நன்னீர்ச் சிப்பிகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டுதான் வளரும், பிறகு உதிர்ந்து மணலில் தங்கும். மீன் மேலே வராவிட்டால் சிப்பிக் குஞ்சும் வராது. இருக்கிற கிழட்டுச் சிப்பிகள் செத்த பிறகு அந்த இடம் காலியாகிவிடும். பட்டியலில் சிப்பியையும் எழுதுங்கள், பாட்டி காட்டும் பழைய இடங்களைக் குறித்துவையுங்கள். ஏணி வேலை செய்கிறதா என்று சில வருடம் கழித்துப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நீர்மட்டம் மிக முக்கியம். ஏணியின் கடைசிப் படி கோடை நீர்மட்டத்துக்கு மேலே தொங்கினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பொறியாளர் வட்டம் போட்ட மூலையில், பாறையை ஒட்டி ஒரு கம்பு நடுங்கள். சென்டிமீட்டர் கோடு போட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் படித்து எழுத ஓர் ஆள் வையுங்கள். மூன்று வாரத்தில் முழுப் படம் கிடைக்காது, ஆனால் கோடை முடியும் வரை எழுதினால் வாசலின் ஆழத்தை அந்த நோட்டை வைத்தே முடிவு செய்யலாம். அதுவரை கீழ்ப்படியின் மட்டத்தை இறுதி செய்ய வேண்டாம் என்று கூட்டத்தில் எழுதி வாங்குங்கள்.

கரையோரம்

கம்பு இன்று விடிகாலையில் நட்டாகிவிட்டது, பெரியவரே பாறை இடுக்கில் இறக்கி இறுக்கினார். கோட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளை பெயின்ட்டில் போட்டார்கள். படித்து எழுதும் வேலையைப் பாட்டியின் பேத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள், அவள் வீடு கரையிலேயே இருக்கிறது. முதல் பதிவு: காலை 7 மணி, 43 செ.மீ., தண்ணீர் தெளிவு, மூலையில் கெண்டை ஏழெட்டு.